கூட்டினால் எட்டு

அத்தியாயம் பதினொன்று

மகள் கேட்ட கேள்விக்குச் செந்தூர்பாண்டி இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் கேட்டது. "எப்பா, ஆர்.சி.யில ஒரு நம்பர் இருக்கு, வண்டியில வேற நம்பர் இருக்கு. இது எப்படி?" என்று பிரேமலதா கேட்டதும், மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குக் கிளம்பியவர்தான். அதன்பிறகு வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறக்கிறார். அதுவும் பாதி நாள் இல்லை.

அந்த வண்டி மகன் சுடலைமணி ஓட்டிய பைக். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். நண்பர்களோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். சனிக்கிழமையானால் ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்துவிடுவான். என்ன தோன்றியதோ, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தான். கருங்குளம் தாண்டவில்லை, எதிரே லாரி. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் விடிகிற நேரத்தில் உயிர் போனது. வீட்டுக்குத் தகவல் வந்ததோ மறுநாள் மத்தியானம்.

அந்த ஒரு ராத்திரிதான் அவன் அம்மா முத்துராணியைத் தின்றுகொண்டிருக்கிறது.

பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவள் கேள்வி மட்டும் போகவில்லை. "எம்புள்ள ராத்திரி பூரா அநாதையா கெடந்திருக்கான். பெத்தவளுக்கு ஒரு போன் போட இந்தப் போலீசுக்குக் கை வரலியா?" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் கேட்டாள். பால்காரரிடம் கேட்டாள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற, பேர்கூடத் தெரியாத பெண்ணிடம் கேட்டாள். கேட்டவர்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து போலீசைத் திட்டினார்கள். அதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமா என்ன?

இன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. கோர்ட் உத்தரவு கிடைத்துவிட்டதாம், வண்டியை எடுத்துக்கொள்ளலாமாம்.

செந்தூர்பாண்டி தனியாகப் போய்விட்டு வரலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் முத்துராணி அவருக்கு முன்பே குளித்து, சேலை மாற்றி, கையில் ஒரு மஞ்சள் பையோடு வாசலில் நின்றாள். பைக்குள் ஒரு மனு இருந்தது. தாலுகா ஆபீஸ் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி எழுதி வாங்கியது. திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கப் போகிறாள். அந்த ராத்திரி டூட்டியில் இருந்த போலீஸ்காரர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனு. அவர் பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அதைப் பிரேமலதா வாங்கிப் படித்தாள். அவள் திருநெல்வேலி டவுனில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். மனு என்றால் விசாரணை வரும், விசாரணை என்றால் முதலில் வண்டி நம்பரைத்தான் தட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நேரே தோட்டத்துக்கு ஓடினாள்.

அப்பா சாய்ந்துகிடந்த ஒரு வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, அம்மா மனு எழுதி வச்சிருக்கா. இன்னைக்கு ஸ்டேஷனுக்கும் வாரா. இனியும் வாயை மூடிட்டு இருந்தா எப்படி?"

அவர் முட்டுக்கம்பை மண்ணில் அழுத்தினார்.

"கேமராக்குப் பயந்து நம்பரை மாத்துனியளா? அதான் பாதிப்பேரு செய்யுதாவளே. அபராதம் வேற எவன் வீட்டுக்கோ போகட்டும்னு."

"அப்படி இருந்தா உங்கிட்ட அன்னைக்கே சொல்லிருப்பேம்ட்டி."

"பொறவு எதுக்கு?"

முட்டுக்கம்பை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் வரப்பில் உட்கார்ந்தார். பைய ஆரம்பித்தார்.

"வண்டி எடுத்தப்போ நம்பர் நாலாயிரத்து அறுநூத்திப் பதினாறுன்னு வந்துச்சு. கம்ப்யூட்டரே குடுக்குதாம், நாம ஒண்ணும் கேக்க முடியாதாம். உங்கம்மா உடனே விரலை மடக்கிக் கூட்டுனா. நாலும் ஆறும் பத்து, ஒண்ணும் ஆறும் ஏழு, பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. அம்புட்டுத்தான். மூஞ்சி செத்துப்போச்சு அவளுக்கு."

பிரேமலதாவுக்கு அந்தக் கதை தெரியும். எட்டு என்றால் சனி. மாமா லோடு ஆட்டோவில் போய்ச் செத்ததும் எட்டு நம்பர் வண்டியில்தான் என்பது அம்மாவின் தீர்மானம். பஸ்ஸில் ஏறும்போதுகூட டிக்கெட் நம்பரைக் கூட்டிப் பார்க்கிறவள்.

"வண்டியை வீட்டுக்குள்ள விட மாட்டேன்னுட்டா. அடுப்பே பத்த வைக்கல. மாத்திட்டு வாங்க, இல்லன்னா என் உயிரை எடுத்துட்டுப் போங்கன்னு ஒரே அழுகை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பதிஞ்சது பதிஞ்சதுதான்னு சொல்லிட்டாவ. என்ன செய்ய? மணிகிட்டதான் சொன்னேன். அவன் சிரிச்சான். 'விடுங்கப்பா, அம்மா சந்தோசமா இருந்தாச் சரி'ன்னு பட்டறைக்குக் கொண்டுபோய் தகட்டுல அடிச்சிருந்த அந்தக் கழட்ட முடியாத ஆணியை அவனே அறுத்துட்டு, கடைசி ஆறை எட்டாக்கி வேற தகடு மாட்டிட்டான். இப்பம் கூட்டினா ஒண்ணு வரும். நான் உங்கம்மாகிட்ட, ஆபீசுலயே சொல்லி மாத்தியாச்சுன்னு சொன்னேன். அவ நம்பிட்டா. கோயில்ல வச்சு எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தி, ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் குடுத்தா."

பிரேமலதாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"அந்தத் தகடு என்ன, அழகுக்கா குடுக்குதான்? அந்த நம்பரைப் போலீஸ் மெஷின்ல தட்டினா, வண்டிக்காரன் பேரு, ஊரு, போன் எல்லாம் வந்து விழும். வண்டி உங்க பேருல இருக்கு. உங்களுக்கு அப்பவே போன் வந்திருக்கும். லைசென்ஸ்கூட அவன் போனுக்குள்ளதான் வச்சிருந்தான், போன் நொறுங்கிப்போச்சு. அவன் யாருன்னு சொல்ல அந்த நம்பர் ஒண்ணுதாம்ப்பா இருந்துச்சு."

"தெரியும். ஸ்டேஷன்ல சொல்லிட்டாவ." அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் போன் அன்னைக்கு ராத்திரி என் தலைமாட்டுலதான் கெடந்துச்சு. நான் நல்லாத் தூங்கிட்டேன்."

அதற்குமேல் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அப்பா எத்தனை இளைத்துவிட்டார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"உங்கம்மாவுக்கு மட்டும் இது தெரியக்கூடாது. அவ போலீசைத் திட்டட்டும், கலெக்டரைத் திட்டட்டும். அவளுக்குத் திட்ட ஒரு ஆளு வேணும். தன்னையே திட்ட ஆரம்பிச்சான்னா அவ பொழைக்க மாட்டா. நம்மகிட்ட மிச்சம் இருக்கது அவ ஒருத்திதான்."

பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவை ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திவைப்பது, அப்பா மட்டும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு வண்டியோடு வந்துவிடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மனுவைப் பற்றித் திங்கட்கிழமைக்குள் யோசித்துக்கொள்ளலாம்.

யோசனை எல்லாம் நல்லாத்தான் இருந்தது. முத்துராணியை யார் நிறுத்துவது?

"எம்மா, வா, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்று ஸ்டேஷன் வாசலில் பிரேமலதா கூப்பிட்டாள்.

"டீ குடிக்கவா இங்கன வந்தேன்?" என்று அவள் நேரே உள்ளே நடந்தாள்.

வேப்பமரத்தடியில் வழக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. மணியின் வண்டி கடைசியில் இருந்தது. முன்சக்கரம் மடங்கி, விளக்கு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. முத்துராணி அதன் பக்கத்தில் நின்று சீட்டில் படிந்திருந்த வேப்பஞ்சருகைக் கையால் தள்ளினாள். தள்ளத் தள்ள விழுந்துகொண்டே இருந்தது. பிறகு முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். பிரேமலதாவால் பார்க்க முடியவில்லை.

ஸ்டேஷன் ரைட்டர் தில்லைநாயகம் ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ரிட்டயராக அதிக நாள் இல்லாத ஏட்டு. செந்தூர்பாண்டியைப் பார்த்து, "இங்கனயே கையெழுத்தைப் போட்டுருங்க அண்ணாச்சி" என்றார். அவசரம் அவருக்கும் இருந்தது.

"ஏட்டையா, எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள் முத்துராணி.

"முத்து, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடலாம்."

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க." அவள் மனுவை எடுத்து நீட்டினாள். "ஐயா, அன்னைக்கு ராத்திரி இங்கன டூட்டியில இருந்தது யாரு? அந்தப் பேரு மட்டும்தான் இதுல எழுதணும். நான் சண்டைக்கு வரல. எம்புள்ள உசுரோட கெடந்திருக்கான். சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன். ஒரு வாய் தண்ணியாவது குடுத்திருப்பேன். அதைக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

தில்லைநாயகம் மனுவைப் படித்தார். செந்தூர்பாண்டியை ஒரு பார்வை பார்த்தார். செந்தூர்பாண்டியின் தலை, வேண்டாம் என்கிற மாதிரி லேசாக ஆடியது. இரண்டு பேருக்கும் நடுவே முன்பே ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்பது பிரேமலதாவுக்குப் புரிந்தது.

"நாந்தாம்மா" என்றார் தில்லைநாயகம். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "எம்பேரு தில்லைநாயகம். எழுதிக்கோங்க."

முத்துராணி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போடத் தயாராக வந்தவள் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா சொல்லல?"

"முடியலம்மா."

"முடியலன்னா? உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா முடிஞ்சிருக்குமா?"

தில்லைநாயகம் மனுவைத் திருப்பி அவளிடம் நீட்டினார். வேலை முடியப்போகிற காலத்தில் ஒரு புகார், ஒரு விசாரணை. ஓய்வூதியம்கூட நிற்கலாம். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான். செந்தூர்பாண்டியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அந்த மனுஷர் பேரை எழுதாத, முத்து. தப்பு அவரு மேல இல்ல, என் மேலதான்."

"என்ன சொல்லுதிய?"

"வண்டியில இருக்கது கள்ள நம்பர். நாந்தான் மாட்டுனேன். பாலத்துக்கிட்ட கேமரா வச்சிருக்கானுவ, அபராதம் வந்துரும்னு பயந்து மாத்துனேன். அந்த நம்பரைத் தட்டினா நம்ம பேரு வரல. அதான் அவுகளால சொல்ல முடியல."

அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை, அதனால் கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டார். மனைவி இனி ஆயுசுக்கும் தன் முகத்தில் முழிக்க மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னார். முழிக்காவிட்டால் போகட்டும், அவள் உயிரோடு இருந்தால் போதும் என்பதுதான் அவர் கணக்கு.

முத்துராணி அவரையே பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். நம்பர் தகட்டின் முன்னால் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"கேமராவா?"

"ஆமா."

"நீங்க கேமராக்குப் பயந்தவுகளா? ஹெல்மெட் போடாம அபராதம் கட்டுன அன்னைக்கு, தப்புக்குக் கட்டித்தான ஆவணும்னு சொன்னவுகதான?"

அவர் துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார்.

"ஆபீசுல சொல்லி மாத்தியாச்சுன்னுல்லா சொன்னிய எங்கிட்ட."

பிரேமலதா அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அம்மா அதை விலக்கினாள். கோபமாக இல்லை, ஏதோ கையில் ஒட்டியிருந்ததை எடுக்கிற மாதிரி விலக்கினாள்.

"மாத்தலையா? ஆபீசுல மாத்தவே இல்லையா?"

"முத்து..."

"மாத்தச் சொன்னது நானுல்லா."

அவள் அழவில்லை. அப்படியே வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் ஊரெல்லாம் கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"நீ மாத்தத்தான் சொன்ன. கள்ளத் தகடு மாட்டச் சொன்னியா? அது நான் செஞ்சது" என்று செந்தூர்பாண்டி அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து கெஞ்சினார். "எம்மா, லாரிக்காரன் தூங்கிட்டே ஓட்டுனான். நம்பரா கொன்னுச்சு?" என்று பிரேமலதா சொன்னாள். இரண்டுமே உண்மைதான். முத்துராணியின் காதில் எதுவும் ஏறவில்லை. புள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அடம்பிடித்து வாங்கிய நம்பர், அவன் சாகிற நேரத்தில் அவளை அவனிடம் வரவிடாமல் செய்துவிட்டது. இதை அவளுக்கு யார் எப்படி மாற்றிச் சொல்ல முடியும்?

"தனியாச் செத்தான். என்னாலதான் தனியாச் செத்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகம் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, நீங்க என்னை வையக்கூடாது. இதை இனிமே சொல்லாம இருந்தா பாவம்" என்றார். "எம்மா, உங்க மகன் தனியா இல்லம்மா."

முத்துராணி நிமிர்ந்தாள்.

"நாங்க போன் போட்டோம். அந்த நம்பருக்கு யாரு பேரு வந்துச்சோ, அவுகளுக்குப் போட்டோம். கொற்கையில தேவதாசன்னு ஒருத்தர். உங்க வண்டி எடுத்த அதே வாரம் அதே ஆபீசுல அவரும் வண்டி பதிஞ்சிருக்காரு. ஆபீசுல குடுத்திருந்த போன் வீட்டுல இருந்துச்சு, எடுத்தது அவரு சம்சாரம். அவரு அப்பம் வண்டியில ஏரலுக்குப் போயிருந்தாராம், அந்தம்மா கூப்பிட்டப்பம் கையில இருந்த போனை எடுக்கல. அந்தம்மா தன் புருஷன்தான் அடிபட்டுட்டான்னு கத்திக்கிட்டே கார் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு."

"வந்து?"

"வந்து பாத்தா வேற புள்ள. அதுக்குள்ள தேவதாசனும் போன்ல கிடைச்சாச்சு. வேற யாரா இருந்தாலும் சாமிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பாவ. அந்தம்மா போகல. உங்க மகனுக்கு அப்பம் பாதி நினைவு இருந்துச்சு. கண்ணு தெரியல. ஊரு, பேரு கேட்டா 'மணி'ன்னு மட்டும்தான் சொன்னான். அம்மா, அம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நாங்க வண்டி உடம்புல கொத்தியிருக்க சேசிஸ் நம்பரைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கணும்னா வண்டி லாரிக்கு அடியில மாட்டிக் கெடக்கு, விடிஞ்சு கிரேன் வந்துதான் எடுக்க முடிஞ்சுது. என்ன செய்யன்னு நாங்க முழிச்சிட்டு நிக்கோம். அந்தம்மா போய் அவன் கையைப் பிடிச்சு, 'இங்கனதான்யா இருக்கேன், அம்மா வந்துட்டேன்'னு சொல்லுச்சு. விடியிற வரைக்கும் கையை விடல."

பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அந்தம்மா அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை போன் பண்ணுச்சு. அவன் பெத்தவளைப் பாக்கணும், அவன் சொன்னதைச் சொல்லணும்னு கேட்டுச்சு. அட்ரசைக் குடுக்க வேண்டாம்னு அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டாவ. நம்பர் விசயம் வெளிய வந்துரும்னு."

முத்துராணி கணவன் பக்கம் திரும்பினாள்.

"எம்புள்ள சொன்னதைச் சொல்ல ஒருத்தி இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

செந்தூர்பாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவள் அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"போன் போட்டுக் குடுங்கய்யா."

தில்லைநாயகம் நம்பரைத் தேடிப் போட்டு அவள் கையில் கொடுத்தார். ரிங் போனது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"யாரு பேசுதது?" என்றது ஒரு பெண் குரல்.

சுடலைமணியோட அம்மா பேசுதேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். அந்த ராத்திரி அவனுக்கு அம்மாவாக இருந்தவளிடம், நான்தான் அம்மா என்று எந்த வாயால் சொல்வது?

"யாருன்னு கேக்கேம்லா?" என்றது மறுபடியும் அந்தக் குரல். இந்தப் பக்கத்திலிருந்து போனது மூச்சு மட்டும்தான்.

பிறகு அந்தக் குரல் மெதுவாக, உடைந்து கேட்டது.

"மணியைப் பெத்தவளா?"